நினைவின் மகள்கள்: டி கிரிகோவும் காராவும் வரைந்த கலைத்தேவியர்

கிரேக்கப் புராணத்தில் கலைத்தேவியர் ஒன்பது பேர். தந்தை ஸீயஸ், தாய் நெமோசினி, நினைவின் தெய்வம். காவியம், வரலாறு, துன்பியல், இன்பியல், நடனம், வானியல் என்று ஆளுக்கொரு துறையை அந்தப் பெண்கள் ஆண்டார்கள். கலையும் கல்வியும் நினைவின் வயிற்றில் பிறந்தவை என்பதே அந்தக் கதையின் சாரம்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு இத்தாலிய ஓவியர்கள் இந்தத் தேவியரைக் கித்தானுக்குக் கொண்டுவந்தார்கள். 1917இல் கார்லோ காரா வரைந்தது 'மீமெய்யியல் கலைத்தேவி'. ஜியோர்ஜியோ டி கிரிகோ வரைந்தது 'கலக்கமூட்டும் கலைத்தேவியர்'. ஆய்வாளர்கள் பொதுவாக அதை 1918இல் வைக்கிறார்கள். இரண்டிலும் தேவியருக்கு முகம் கிடையாது. இரண்டிலும் சிலையும் தையற்கடைப் பொம்மையும் கலந்த உருவங்களே நிற்கின்றன. அவர்களைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டாத பொருட்கள் பரவிக் கிடக்கின்றன. இரண்டுமே புதிர்ப்படங்கள் என்று பெயர் பெற்றவை.

புதிர் என்று சொன்னதும் விடை தேடத் தொடங்குவது நம் இயல்பு. பந்து எதைக் குறிக்கிறது, பெட்டி எதைக் குறிக்கிறது, முகமூடி எதைக் குறிக்கிறது என்று பொருளுக்குப் பொருள் விளக்கம் எழுதிவிடுகிறோம். எல்லா விளக்கங்களையும் கூட்டினாலும் படம் கைக்கு வருவதில்லை. ஏறத்தாழ ஒரே பொருட்களை வைத்து இரண்டு ஓவியர்கள் நேரெதிரான இரண்டு படங்களை வரைய முடிந்திருக்கிறது என்பதே அந்த முறையின் போதாமைக்குச் சான்று. இந்தப் படங்களின் பொருள், பொருட்களை ஓவியர் எப்படி நிறுத்தினார் என்பதில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து பார்த்தால் இரண்டு படங்களும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் என்பது தெரிகிறது. நினைவு அறுந்துபோன காலத்தில் கலை என்ன செய்யும் என்பதே அந்தக் கேள்வி.

ஒரே நகரம், ஒரே மருத்துவமனை

கேள்வி எழுந்த இடம் வட இத்தாலியின் ஃபெராரா நகரம். எஸ்தே குடும்பத்துப் பிரபுக்கள் ஆண்ட ஊர். 1385இல் கட்டத் தொடங்கிய அவர்களுடைய செங்கல் கோட்டை, நான்கு கோபுரங்களோடும் சுற்றிலும் அகழியோடும் இன்றும் ஊரின் நடுவே நிற்கிறது. கலைத்தேவியர் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர். பதினைந்தாம் நூற்றாண்டில் லியோனெல்லோ தெஸ்தே தன் பெல்ஃபியோரே மாளிகையின் படிப்பறைக்கென்று கலைத்தேவியர் ஓவிய வரிசை ஒன்றைத் தீட்டச் சொன்னார். கொசிமோ தூரா போன்றவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். அந்த மாளிகை இன்று இல்லை, படங்கள் சிதறிப்போயின.

1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியது. பாரிஸில் இருந்த டி கிரிகோவும் அவருடைய தம்பி ஆல்பெர்த்தோ சவினியோவும் தாய்நாடு திரும்பிப் படையில் பதிவு செய்துகொண்டார்கள். இருவரும் ஃபெராராவுக்கு அனுப்பப்பட்டார்கள். போர்முனைக்குப் போகாமல் அலுவலக வேலை. ஓய்வு நேரத்தில் டி கிரிகோ ஊரைச் சுற்றினார். பழைய யூதர் குடியிருப்பின் கடைச் சன்னல்களில் வைத்திருந்த விநோத வடிவ பிஸ்கட்டுகளும் ரொட்டிகளும்கூட அவருடைய படங்களுக்குள் புகுந்தன.

1917இல் காராவும் படைவீரராக அந்தப் பகுதிக்கு வந்தார். அவ்வாண்டு வசந்தத்தில் இருவரும் நகருக்கு வெளியே இருந்த வில்லா தெல் செமினாரியோ என்ற இராணுவ மருத்துவமனையில் ஒன்றாக இருந்தார்கள். நரம்புத் தளர்ச்சிக்கும் மனப்பாதிப்புக்கும் ஆளான வீரர்களுக்கான மருத்துவமனை அது. ஓவியர்கள் இருவருக்கும் அங்கே வரைய வசதி கிடைத்தது. பீரங்கி முழக்கத்தில் பேச்சிழந்தவர்கள், காரணமின்றி நடுங்குகிறவர்கள், தங்கள் பெயரையே மறந்தவர்கள் என்று அந்தப் போர் ஐரோப்பா முழுவதும் இத்தகைய மருத்துவமனைகளை நிரப்பியிருந்தது. நினைவு என்பது அறுந்துபோகக்கூடிய ஒன்று என்பதை அப்படிப்பட்ட இடத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வளர்ப்புகள்

அங்கே வந்து சேர்ந்த இருவரும் வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்தவர்கள். டி கிரிகோ 1888இல் கிரீஸின் வோலோஸ் துறைமுகத்தில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பொன்மயிர்த் தோலைத் தேடிப் போன வீரர்களின் கப்பல் புறப்பட்டதாகப் புராணம் சொல்லும் கடற்கரை அது. தந்தை ரயில்பாதைப் பொறியாளர். புராணமும் ரயிலும் ஒரே வீட்டு முற்றத்தில் கிடைத்த சிறுவன் அவர். பிறகு மியூனிக்கில் ஓவியப் படிப்பு, போக்லினின் ஓவியங்கள், தத்துவவாதிகள் நீட்ஷேயும் ஷோப்பன்ஹவரும். 1910இல் ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் அமர்ந்திருந்தபோது, தெரிந்த காட்சியையே முதன்முறையாகக் காண்பதுபோன்ற உணர்வு அவரைப் பிடித்தது. அதிலிருந்து பிறந்ததே 'இலையுதிர்காலப் பிற்பகலின் புதிர்'. வெறிச்சோடிய சதுக்கங்கள், நீண்ட நிழல்கள், தொலைவில் ரயில் புகை கொண்ட அவருடைய உலகம் அங்கேதான் தொடங்கியது. 1914இல் பாரிஸில் முகமற்ற பொம்மை மனிதனும் அந்த உலகத்துக்குள் வந்துவிட்டான்.

காரா ஏழு வயது மூத்தவர். 1881இல் பியெமோந்தே வட்டாரத்தின் குவார்ஞெந்தோ கிராமத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே சுவர் அலங்கார வேலைக்குப் போனவர். சுண்ணமும் சாந்தும் புழங்கிய கை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் கூடங்களை அலங்கரித்த தொழிலாளர்களில் அவரும் ஒருவர். பிறகு மிலானின் பிரெரா கலைக்கழகத்தில் படித்தார். அராஜகவாதிகளோடு பழகினார். எதிர்காலவாத இயக்கத்தின் முன்னணி ஓவியராகி, 'அராஜகவாதி காலியின் இறுதி ஊர்வலம்' என்ற புயல் போன்ற படத்தை வரைந்தார். வேகத்தையும் இயந்திரத்தையும் போரையும் போற்றிய இயக்கம் அது; அருங்காட்சியகங்களை இடிக்கச் சொன்ன இயக்கம். 1915இல் காரா போர்ஓவியம் என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே மனம் திரும்பினார். 1916இல் பழைய இத்தாலிய ஓவியர்களான ஜோத்தோவைப் பற்றியும் பாவ்லோ உச்செல்லோவைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். இடிக்கச் சொன்ன கூடத்துக்குள் அவரே விளக்கோடு நுழைந்தார் என்று சொல்லலாம்.

இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. காரா டி கிரிகோவைப் பார்த்துப் படியெடுத்தவர் என்று சுருக்கிச் சொல்வார்கள். பொருட்களை அவர் டி கிரிகோவிடமிருந்து எடுத்துக்கொண்டது உண்மை. திடமான, அமைதியான, எடையுள்ள வடிவங்களைத் தேடும் வேட்கையோ ஃபெராராவுக்கு வரும்போதே அவரிடம் இருந்தது.

மேடையில் இரண்டு பேர்

'கலக்கமூட்டும் கலைத்தேவியர்' 97 செ.மீ. உயரமும் 66 செ.மீ. அகலமும் கொண்ட தைலவண்ண ஓவியம். முன்புறத்தில் பலகை பாவிய தளம். நாடக மேடைபோலவோ கப்பல் தட்டுபோலவோ அது செங்குத்தாக மேலேறிப் போகிறது. அதன் எல்லையில் எஸ்தே கோட்டை செந்நிறத்தில் நிற்கிறது. பக்கத்தில் தொழிற்சாலையும் புகைபோக்கிகளும். பதினான்காம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் அக்கம்பக்கத்து வீடுகளாகிவிட்டன. வானம் கருமையை நோக்கிப் போகும் பச்சை.

மேடையில் ஒரு தேவி நிற்கிறாள். அவளுடைய ஆடை மடிப்புகள் கீழே வரவரக் கிரேக்கத் தூணின் செதுக்குக் கோடுகளாக மாறிவிடுகின்றன. அது பெண்ணா தூணா என்று சொல்ல முடியாது. இன்னொருத்தி நீலப் பெட்டியின்மேல் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய தலை கழற்றப்பட்டு அருகில் கிடக்கிறது. சுற்றிலும் வண்ணப் பெட்டிகள், ஒரு கோல், ஒரு சிவப்பு முகமூடி. வலப்புறம் பின்னே, நிழலுக்குள், பீடத்தின்மேல் ஒரு சிலை.

மரபான வாசிப்பு எளிது. முகமூடியும் கோலும் துன்பியல் தேவி மெல்போமினியையும் இன்பியல் தேவி தலியாவையும் சுட்டும் அடையாளங்கள். பின்னே நிற்பவன் கலைத்தேவியரின் தலைவன் அப்பல்லோ. இது தவறான வாசிப்பு அல்ல. ஆனால் அது படத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஒளியின் கடவுளான அப்பல்லோ ஏன் நிழலில் நிற்கிறான்? மேடை இருக்கிறது, பார்வையாளர் எங்கே? நாடக தேவியருக்கு நடிக்க முகம் இல்லையே, முகமூடி மட்டும் எதற்கு? அடையாளங்களை அறிந்த பிறகு கேள்விகள் குறைவதற்குப் பதிலாகக் கூடுகின்றன. டி கிரிகோ விரும்பியது அதையே.

அறைக்குள் ஒருத்தி

காராவின் படம் 90 செ.மீ. உயரம், 66 செ.மீ. அகலம். ஏறக்குறைய அதே அளவு. இப்போது மிலானின் பிரெரா ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அவர் இளமையில் படித்த கலைக்கழகம் இயங்கும் அதே மாளிகையில்.

இங்கே சதுக்கமும் இல்லை, வானமும் இல்லை. ஒரு சிறிய அறை. அதில் சுண்ணச்சாந்தில் வார்த்ததுபோன்ற வெள்ளை உருவம் ஒன்று நிற்கிறது. டென்னிஸ் ஆடும் பெண்ணின் உடை, ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் பந்து, மேலே முகமற்ற பொம்மைத் தலை. பக்கத்தில் பல வண்ணம் தீட்டிய கூம்பு. இரண்டு படச் சட்டங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் தொழிற்சாலைக் கட்டடங்கள். மற்றொன்றில் ஒரு குடாநாட்டின் வரைபடமும், துப்பாக்கிப் பயிற்சிக்கு வைப்பதுபோன்ற வட்டக் குறியும். பின்னால் இருண்ட சிற்றறையில் ஒரு சிலுவை.

இந்தப் பொருட்களில் பலவற்றுக்கு முன்னோர் டி கிரிகோவின் படங்களில் இருக்கிறார்கள். 1916இல் அவர் வரைந்த 'பெரிய தொழிற்சாலையோடு ஒரு மீமெய்யியல் உள்ளறை' என்ற ஓவியத்தில் படத்துக்குள் படமாகத் தொழிற்சாலை இருக்கிறது. அதே ஆண்டு வரைந்த 'புறப்பாட்டின் சோகம்' ஓவியத்தில் கடல்வழிப் பயணத்தைப் புள்ளிகளால் காட்டும் வரைபடம் இருக்கிறது. கடன் வெளிப்படையானது. கடனை வைத்து காரா கட்டிய வீடோ வேறு.

தளமும் சுவரும்

முதல் வேறுபாடு இடத்தில் இருக்கிறது. டி கிரிகோவின் பலகைக் கோடுகளைக் கண்ணால் தொடர்ந்தால் அவை நம்மை வேகமாகக் கோட்டையை நோக்கி இழுக்கின்றன. ஆனால் பெட்டிகளின் விளிம்புகள் வேறு திசைக்குப் போகின்றன. மறுமலர்ச்சிக் காலத் தூரக்காட்சி விதிப்படி இணைகோடுகள் ஒரு மறைபுள்ளியில் சேர வேண்டும். டி கிரிகோ விதியை நன்றாகக் கற்றவர். கற்றதால்தான் அதை நுட்பமாக மீற முடிந்தது. ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு மறைபுள்ளியை வைத்திருக்கிறது. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது. கலக்கம் தேவியரிடமிருந்து வருவதாக நினைக்கிறோம். அது முதலில் காலடியிலிருந்து, அந்தச் சாய்ந்த பலகைகளிலிருந்து வருகிறது.

காராவின் அறை சரியான கனசதுரம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அது ஒரு பெட்டியின் உறுதியோடு நிற்கிறது. ஜோத்தோவின் சுவரோவியங்களில் நிகழ்ச்சிகள் ஆழம் குறைந்த சிறு மண்டபங்களுக்குள் நடக்கும். உருவங்கள் கல்லின் எடையோடு நிற்கும். அந்த மண்டபத்தைத்தான் காரா மீண்டும் கட்டுகிறார். அவருடைய வெள்ளைத் தேவி தரையில் அழுத்தமாக ஊன்றி நிற்கிறாள். மார்பின் வளைவும் பாவாடையின் மடிப்பும் கையால் தடவிப் பார்க்கலாம் என்னும்படி வார்க்கப்பட்டிருக்கின்றன. சிறுவயதில் சாந்து பூசிய கையின் பழக்கம் அந்த வெண்மையில் தெரிகிறது.

ஒளியும் இப்படித்தான் பிரிகிறது. டி கிரிகோவின் ஒளி மாலைநேரச் சாய்வொளி. பொருளைக் காட்டுவதைவிட அதன் நிழலை நீட்டுவதில் அதற்கு ஆர்வம். வானம் இருண்டிருக்க, மேடையில் மட்டும் வெயில். நேரம் என்ன என்று யாரும் சொல்ல முடியாது. காராவின் ஒளியோ வடிவத்தை உருட்டிக் காட்டும் ஒளி. நிழல் அங்கே உருவத்தின் பணியாள்.

முகமற்ற தலைகள்

இரண்டாவது வேறுபாடு தலைகளில். முகமற்ற மனிதன் டி கிரிகோவிடம் வந்த கதையில் தம்பி சவினியோவுக்குப் பங்குண்டு. 1914இல் பாரிஸில் அவர் எழுதிய நாடகக் கவிதையில் முகமில்லாத மனித உருவம் வருகிறது. அவர்களுடைய நண்பரான கவிஞர் அப்போலினேரின் கவிதையிலும் கண்ணும் காதும் மூக்குமற்ற இசைக்கலைஞன் ஒருவன் வருகிறான். கண்ணில்லாதவன் எதிர்காலத்தைக் காண்பவன் என்ற பழைய நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. ஹோமரைக் கண்பார்வையற்றவராகவே மரபு நினைவில் வைத்திருக்கிறது. டி கிரிகோவின் முகமற்ற தேவியர் அந்த வழியில் குறிசொல்லிகள். பார்வை போனதால் காணக் கிடைப்பது எதுவோ அதைக் காண்பவர்கள். ஆனால் 1914இன் பொம்மைக்கும் ஃபெராராவின் பொம்மைக்கும் இடையே ஒரு போர் வந்துவிட்டது. கழற்றி வைத்த தலையைப் பார்க்கும்போது குறிசொல்லியின் மகிமையோடு சிதைந்த உடலின் அச்சமும் சேர்ந்தே எழுகிறது. கைகால் இழந்து, கட்டையும் பட்டையும் பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவர்கள் தெருவெல்லாம் நிறைந்திருந்த காலம் அது. 1919இல் ரோமில் டி கிரிகோவின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது விமர்சகர் ரொபெர்த்தோ லோங்கி கடுமையாக எழுதினார். எலும்பு முறிவுக்குச் சிகிச்சை செய்யும் தெய்வத்துக்குப் படைத்த காணிக்கை என்ற பொருளில் அவர் தலைப்பிட்டிருந்தார். இகழ்ச்சியாகச் சொன்னது அது. ஆனாலும் அந்தப் படங்களில் போரின் ஊனம் இருக்கிறது என்பதை மற்றவர்களைவிடத் தெளிவாகக் கண்டவர் அவர்.

காராவின் தேவிக்கும் முகம் இல்லை. ஆனால் அவள் எதையும் இழந்தவளாகத் தெரியவில்லை. பட்டறையில் இன்னும் முகம் செதுக்கப்படாமல் இருக்கும் சிலைபோல நிற்கிறாள். டி கிரிகோவிடம் முகம் போய்விட்ட ஒன்று. காராவிடம் இனி வர வேண்டிய ஒன்று. ஒரே பொம்மைத் தலையை இருவரும் காலத்தின் இரண்டு பக்கங்களில் வைத்துவிட்டார்கள்.

வரைபடமும் கோட்டையும்

இரண்டு படங்களிலும் போர் நேராக வரவில்லை. காராவின் வரைபடத்தில் மட்டும் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அந்தக் குடாநாட்டை இஸ்திரியா என்று பலரும் அடையாளம் காண்கிறார்கள். அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்த இஸ்திரியாவும் திரியெஸ்தேயும் தங்களுக்கே சேர வேண்டும் என்பது இத்தாலியப் போர் ஆதரவாளர்களின் முழக்கம். அதற்காகவே இசோன்சோ ஆற்றங்கரையில் 1915 முதல் மீண்டும் மீண்டும் படுகொலைப் போர்கள் நடந்தன. போருக்குக் குரல் கொடுத்தவர்களில் காராவும் ஒருவர். இப்போது அதே நிலத்தின் வரைபடம் மருத்துவமனை ஓவியத்தில், அசையாத அறையில், குறிவட்டத்தோடு சுவரில் சாய்ந்திருக்கிறது. பின்னால் சிலுவை. எதிர்காலவாதியாக இருந்தபோது இதை வரைந்திருந்தால் எழுத்துகளும் ஒலிகளும் வெடித்துச் சிதறியிருக்கும். இப்போது வெடிப்பு நின்று, வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெற்றி வேட்கையா, வருத்தமா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு காலத்து ஆவேசத்தைக் கட்டம் போட்டு அடக்கி வைத்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

டி கிரிகோவிடம் வரலாறு கோட்டையின் வடிவில் வருகிறது. எஸ்தே அரசவை கலைத்தேவியரை வரையச் சொன்ன நகரத்தில், கோட்டைக்கு முன்னால் மேடை போட்டு, புதிய கலைத்தேவியரை அவர் நிறுத்துகிறார். அரசவை இல்லை. சன்னல்களில் ஆளில்லை. தொழிற்சாலையின் புகைபோக்கியில் புகையில்லை. பழைய காலமும் புதிய காலமும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து உயிர் கொடுக்கும் மனிதர்கள் மட்டும் இல்லை.

அறுந்த சரமும் கோத்த சரமும்

இப்போது நினைவின் கேள்விக்கு வரலாம். 1919இல், இந்தப் படங்கள் சேர்ந்த மீமெய்யியல் கலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் டி கிரிகோ ஷோப்பன்ஹவரிடமிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறார். பித்தன் என்பவன் நினைவை இழந்தவன். நம் அன்றாட வாழ்க்கை தொடர்ச்சியாகத் தெரிவதற்குக் காரணம், பொருட்களையும் நம்மையும் ஒருசரமாகக் கோத்துத் தரும் நினைவு. ஓர் அறைக்குள் நுழைகிறோம். நாற்காலியில் ஒருவர், மேலே பறவைக்கூண்டு, சுவரில் புத்தகங்கள். எதுவும் நம்மை வியக்க வைப்பதில்லை, ஏனென்றால் சரம் அறுபடவில்லை. அது ஒரு கணம் அறுந்தால் அந்த நாற்காலியையும் கூண்டையும் எவ்வளவு திகைப்போடு, எவ்வளவு அச்சத்தோடு காண்போம் என்று அவர் கேட்கிறார். காட்சி அப்படியே இருக்கும். பார்க்கும் கோணமே மாறியிருக்கும். பொருட்களின் மீமெய்யியல் முகம் அப்போதுதான் தெரியும் என்கிறார்.

நினைவு கலைந்தவர்கள் நடமாடிய மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர் இதை எழுதுகிறார் என்பதை மறக்க முடியாது. மற்றவர்களுக்கு நோயாக இருந்த ஒன்றை அவர் பார்வையாக மாற்றினார். அந்த வெளிச்சத்தில் 'கலக்கமூட்டும் கலைத்தேவியர்' முழுமையாகத் திறக்கிறது. நினைவின் மகள்கள் இவர்கள். ஆனால் தாயை இழந்துவிட்டார்கள். அதனால்தான் ஒருத்திக்குத் தன் தலை எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியவில்லை. முகமூடி தன் நாடகத்தை மறந்து கிடக்கிறது. கோட்டை தன் பிரபுக்களை மறந்துவிட்டது. ஒளிக்கடவுள் நிழலில் நிற்கிறான். ஒவ்வொரு பொருளும் தெளிவாக, கூர்மையாக, தனித்தனியாக இருக்கிறது. அவற்றைக் கோத்த சரம் மட்டும் இல்லை. பார்வையாளனிடம் சரத்தைக் கட்டித் தரும்படி படம் கேட்கவில்லை. அறுந்த கணத்தின் திகைப்பில் அவனை நிற்க வைக்கிறது. புதிருக்கு விடை எழுதிவிட்டால் சரத்தை மறுபடி முடிச்சுப் போட்டுவிடுகிறோம். படம் செய்த வேலையைக் கெடுத்துவிடுகிறோம்.

காரா இதற்கு மறுபக்கத்தில் நிற்கிறார். அவருக்கு நினைவு மருந்து. ஜோத்தோ, உச்செல்லோ, மசாச்சோ என்ற இத்தாலியச் சரத்தை அவர் கைவிட்டு ஓடியவர். வெடியோசையில் களைத்து அதற்கே திரும்பியவர். டென்னிஸ் மட்டை இந்தக் காலத்துப் பொருள். அதைப் பிடித்திருக்கும் உடலோ பதினான்காம் நூற்றாண்டு ஓவியத்தின் எடையைக் கொண்டது. கூம்பும் பந்தும் வட்டமும் அடிப்படை வடிவங்களுக்குத் திரும்பிப் பாடம் தொடங்கும் ஒருவரின் கருவிகள். பின்னறையின் சிலுவை, அந்தப் பழைய ஓவியங்கள் எந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தனவோ அதன் நிழல். காராவின் தேவி தன் தாயைத் தேடிக் கண்டுபிடித்தவள். அவளிடம் புதிர் இருக்கிறது; அச்சம் இல்லை. அவளைப் பார்க்கும்போது நாம் தடுமாறுவதில்லை, நிதானிக்கிறோம்.

'கலக்கமூட்டும் கலைத்தேவியர்' காராவின் படத்துக்குப் பிந்தையது என்ற கால வரிசையை ஏற்றுக்கொண்டால் இன்னொன்றும் தோன்றுகிறது. டி கிரிகோவின் பாரிஸ் காலப் பொம்மைகள் தட்டையானவை, மெலிந்தவை. 1917, 1918இல் 'ஹெக்டரும் ஆண்ட்ரமாக்கியும்', 'மாபெரும் மீமெய்யியலாளர்', இந்தத் தேவியர் ஆகிய படங்களில் அவை கனத்து, சிலைத்தன்மை பெறுகின்றன. காராவின் ஜோத்தோ அவரையும் தொட்டிருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. கடன் ஒரு திசையில் மட்டுமே ஓடியது என்ற வழக்கமான கதையை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பிரிவும் பின்வந்தவர்களும்

நட்பு நீடிக்கவில்லை. 1917 டிசம்பரில் மிலானின் கீனி காட்சிக்கூடத்தில் காரா தன் புதிய படங்களைத் தனியாகக் காட்சிக்கு வைத்தார். 1919இல் 'மீமெய்யியல் ஓவியம்' என்ற நூலை வெளியிட்டார்; அதில் டி கிரிகோவின் பெயர் இல்லை. டி கிரிகோ இதை மன்னிக்கவில்லை. ஆனாலும் மாரியோ புரோலியோ ரோமில் நடத்திய 'வாலோரி பிளாஸ்திச்சி' இதழ் இருவரையும் சேர்த்தே ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது.

இருவருடைய பதில்களும் இரண்டு வழிகளாக நீண்டன. அறுந்த சரத்தின் வழியில் சர்ரியலிஸ்டுகள் போனார்கள். மியூனிக்கில் அந்த இதழைப் பார்த்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் திகைத்துப்போய்ப் பொம்மைகள் நிறைந்த அச்சோவியத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். டி கிரிகோவின் 'காதல் பாடல்' ஓவியத்தின் அச்சுப்படியைக் கண்டது தன் வாழ்வின் திருப்பம் என்று ரெனே மக்ரித் சொன்னார். கோத்த சரத்தின் வழியில் இத்தாலியில் பழமைக்குத் திரும்பும் ஓர் அலை எழுந்தது. 1921இல் காரா வரைந்த 'கடலோரப் பைன் மரம்' அதன் தூய உச்சங்களில் ஒன்று. பின்னாளில் அந்த ஒழுங்கு வேட்கையை முசோலினியின் ஆட்சி தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. காராவும் அந்த ஆட்சியோடு இசைந்தே போனார். நினைவு மருந்தாகலாம், அதிகாரத்தின் கையில் அது வேறொன்றும் ஆகலாம் என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

டி கிரிகோவின் வழியும் நேராகப் போகவில்லை. 1919க்குப் பிறகு அவரே பழைய ஓவியர்களின் கைத்திறனுக்குத் திரும்பினார். சர்ரியலிஸ்டுகள் அவரைத் துரோகி என்றார்கள். நினைவின் அறுபடலைப் பாடிய அந்த ஓவியர், 'கலக்கமூட்டும் கலைத்தேவியர்' ஓவியத்தைத் தம் கையாலேயே மீண்டும் மீண்டும் வரைந்தார். 1945க்கும் 1962க்கும் இடையே மட்டும் 18 பிரதிகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1982இல் ஆண்டி வார்ஹால் அந்தத் தேவியரை வரிசையாக அடுக்கி அச்சிட்டபோது, டி கிரிகோ கைவண்ணத்தில் செய்ததைத்தான் அவர் அச்சுத்திரையில் செய்தார். பிரதிகளை வணிகம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். வணிகமும் இருந்தது. ஆனால் தாயற்ற தேவியரைப் படைத்தவர் முதுமை வரை அவர்களிடமே திரும்பத் திரும்பப் போனார் என்பதில், காராவின் பக்கத்துக்கும் ஓர் ஒப்புதல் இருப்பதாக எனக்குப் படுகிறது.

எப்படிப் படிப்பது

இந்த ஒப்பீட்டிலிருந்து இரண்டு முடிவுகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, படிக்கும் முறை பற்றியது. புதிர் நிறைந்த ஓவியத்தின் முன் நிற்கும்போது பொருட்களின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். தளம் எப்படிச் சாய்ந்திருக்கிறது, ஒளி எதற்கு வேலை செய்கிறது, உருவம் நிற்கிறதா மிதக்கிறதா, பொருட்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததால்தான் ஒரே பொம்மைத் தலை இரண்டு படங்களில் இரண்டு விதமாகப் பேசியது.

மற்றொன்று மதிப்பீடு பற்றியது. புதுமையின் அளவுகோலால் பார்த்தால் டி கிரிகோவே பெரியவர். அதில் எனக்கு ஐயமில்லை. அவர் திறந்த கதவின் வழியாகத்தான் இருபதாம் நூற்றாண்டின் பாதிக் கனவுகள் ஓவியத்துக்குள் வந்தன. ஆனால் காராவை வால்பிடித்தவராகப் பார்ப்பது படத்தைப் பார்க்காதவர்களின் பேச்சு. அழிவின் நடுவே நின்று இருவரும் கேட்டது ஒரே கேள்வி. அறுந்ததை அறுந்ததாகவே காட்டும் நேர்மை ஒருவரிடம் இருந்தது. அறுந்ததை மீண்டும் கோத்துப் பார்க்கும் பொறுமை மற்றவரிடம் இருந்தது. போரிலிருந்து திரும்பிய எந்தச் சமூகத்துக்கும் இரண்டும் தேவைப்படுகின்றன. அதனால் இந்த இரண்டு படங்களையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே ஒவ்வொன்றும் முழுமையாகிறது.